‘நார்மல்’ யாருடைய முடி?

2020 செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை. கிளிக்ஸ் மருந்துக்கடைச் சங்கிலியின் இணையதளத்தில் கிடந்த நான்கு படங்கள் அன்று தென்னாப்பிரிக்கா முழுக்கக் கைபேசிக்குக் கைபேசி தாவின. யூனிலீவர் நிறுவனத்தின் ட்ரெசமே ஷாம்பூவுக்கான விளம்பரம் அது. கறுப்பினப் பெண்களின் முடியைக் காட்டிய இரண்டு படங்களில் ‘வறண்டு சேதமான முடி’ என்றும் ‘சிலிர்த்து மங்கிய முடி’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருந்தன. வெள்ளைப் பெண்களின் படங்களில் ஒன்றுக்கு ‘மெலிந்து படிந்த முடி’ என்று பெயர். மற்றொன்றுக்கு ஒரே சொல்: ‘நார்மல்’.

திங்கட்கிழமை விடிந்தபோது நாடெங்கும் கிளிக்ஸ் கடைகளின் வாசலில், போராட்டத்துக்கு வந்த ஒரு கட்சியின் சிவப்புச் சட்டைகள் நின்றன.

இந்த விவகாரம் பேச்சில் வரும்போதெல்லாம் டர்பன் பக்கத் தமிழ் வீடுகளில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. ஒரு ஷாம்பூ விளம்பரத்துக்கா இத்தனை அமர்க்களம்? கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான சண்டையில் நமக்கு என்ன வேலை? முதல் கேள்விக்கு விடை காண முடியின் இயல்பு, விளம்பரம் உருவாகும் வழி, இந்த நாட்டின் சட்டம் ஆகிய மூன்றும் கொஞ்சம் தெரிய வேண்டும். இரண்டாம் கேள்விக்கான விடை டர்பனிலேயே, ஒரு தமிழ்ப் பெண்ணின் மூக்குத்தியில் இருக்கிறது.

ஒரு வாரத்தில் நடந்தது

1. படங்கள் பரவியதும் கிளிக்ஸ் அவற்றை நீக்கி மன்னிப்புக் கேட்டது. படங்கள் ட்ரெசமே தரப்பிலிருந்து வந்தவை என்றும் சொன்னது. மன்னிப்பையும் காரணத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் இரண்டும் எடுபடாது. அதுதான் நடந்தது.

2. செப்டம்பர் 7: ஜூலியஸ் மலேமா தலைமையிலான பொருளாதார விடுதலைப் போராளிகள் கட்சி, அதாவது இஎஃப்எஃப், கடைகளை மூடவைக்கும் போராட்டத்தில் இறங்கியது. 2018 ஜனவரியில் எச்&எம் துணிக்கடை, குரங்கு என்ற சொல் பொறித்த சட்டையைக் கறுப்பினச் சிறுவனுக்கு மாட்டிப் படமெடுத்தபோதும் இதே கட்சிதான் கடைகளுக்குள் புகுந்தது. இம்முறையும் சில கடைகள் உடைக்கப்பட்டன, தீ வைக்கும் முயற்சிகளும் நடந்தன.

3. கிளிக்ஸ் நீதிமன்றம் போனது. வன்முறையைத் தூண்டக் கூடாது, மிரட்டக் கூடாது என்ற அளவில் தடை கிடைத்தது. ஷாப்ரைட், பிக் என் பே, வூல்வொர்த்ஸ், டிஸ்-கெம் ஆகிய சங்கிலிகள் ட்ரெசமே பாட்டில்களை அலமாரியிலிருந்து இறக்கின. கிளிக்ஸின் மூத்த நிர்வாகி ஒருவர் பதவி விலகினார்.

4. செப்டம்பர் 9: ஊழியர்களுக்கு ஆறுதலும் ஆலோசனையும் தருவதற்காக கிளிக்ஸ் தன் எண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகளையும் ஒருநாள் மூடியது.

5. செப்டம்பர் 10: யூனிலீவருக்கும் இஎஃப்எஃப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டது. வருத்தத்தின் அடையாளமாக ட்ரெசமே 10 நாட்களுக்கு எல்லாக் கடைகளிலிருந்தும் விலக்கப்படும். குடிசைப் பகுதிகளுக்குக் குறைந்தது 10,000 சானிட்டரி நாப்கின்களும் கிருமிநாசினியும் தரப்படும்.

அப்போது கிளிக்ஸின் தலைமை நிர்வாகி விகேஷ் ராம்சுந்தர், இந்திய வம்சாவளிக்காரர். “மேலே நம்ம ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் இப்படி நடக்காது” என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலைமை நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதைக் கேட்டுக்கொண்டு ஒரு படம் இணையதளத்தில் ஏறுவதில்லை.

‘நார்மல்’: ஒரு தொழிற்சொல்லின் கதை

விளம்பரத்துக்குப் பரிந்து பேசியவர்கள் சொன்ன ஒரு நியாயத்தை முதலில் மதித்துப் பார்ப்போம். ‘வறண்ட’, ‘எண்ணெய்ப் பிசுக்கான’, ‘நார்மல்’ என்பவை அழகுசாதனத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் வகைப்பெயர்கள். அவை யாரையும் திட்டுவதற்காகப் பிறக்கவில்லை.

தலைத்தோலில் ஒவ்வொரு முடிக்காலுக்கும் பக்கத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. அவற்றிலிருந்து சீபம் என்ற கொழுப்பு கசிகிறது. முடி நேராக இருந்தால் அந்த எண்ணெய் வேரிலிருந்து நுனி வரை வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். சுருண்ட முடியில் ஒவ்வொரு வளைவும் அதற்கு ஒரு தடை. வேர்ப்பக்கம் எண்ணெய் தங்கி, நுனி காய்ந்துபோகும். ஆப்பிரிக்க முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இராது, நசுங்கிய வட்டமாக இருக்கும். திருகும் இடங்களில் அது எளிதாக முறியும். ஆகவே சுருள்முடிக்காரர்களுக்கு ஈரப்பதம் தரும் பொருள் கூடுதலாகத் தேவைப்படும் என்பது உண்மை. அதைச் சொல்வதில் இழிவு ஏதுமில்லை. தினமும் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னிய நம் பாட்டிமாருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது, சீபம் என்ற பெயர்தான் தெரியாது.

இந்த அட்டவணையில் ‘நார்மல்’ என்பது மிச்சம் விழுந்த பெட்டி. பிசுக்கும் இல்லை, வறட்சியும் இல்லை என்றால் அதில் போடுவார்கள். அந்தப் பொருளில் சுருள்முடியும் நார்மலாக இருக்கலாம். ரசாயனம் படாத, எண்ணெய் வைத்துப் பேணிய, பளபளக்கும் சுருள்முடியைத் தென்னாப்பிரிக்கத் தெருவில் பத்தடிக்கு ஒன்று பார்க்கலாம். நேர்முடி வறண்டு கிடப்பதும் அன்றாடக் காட்சிதான்.

அப்படியென்றால் ‘நார்மல்’ பெட்டிக்கு ஒரு சுருள்முடிப் படமும், ‘சேதமான’ பெட்டிக்கு ஒரு நேர்முடிப் படமும் ஏன் அமையவில்லை? சிக்கல் இங்கே தொடங்குகிறது.

‘சிலிர்த்த’ என்று நான் மொழிபெயர்த்த ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் நாம் வாய்தவறிச் சொல்லக்கூடியது ‘பரட்டை’. பரட்டைத்தலை என்று ஒரு பிள்ளையைச் சொன்னால் அது முடியைப் பற்றிய தகவல் ஆகாது, வசைதான். ஆங்கிலச் சொல்லுக்கும் அந்தச் சாயல் உண்டு. பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும்போது தொழிற்சொல்லாகத் தெரிவது, ஒரு பெண்ணின் தலைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்தால் பரட்டை ஆகிவிடுகிறது.

யாரும் எழுதாத வாக்கியம்

‘வெள்ளை முடி இயல்பானது, கறுப்பு முடி குறையுள்ளது’ என்று அந்த விளம்பரத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நான்கு கட்டங்கள், நான்கு படங்கள், நான்கு பெயர்கள், அவ்வளவே. ஆனால் கண் கட்டங்களை ஒப்பிட்டே பார்க்கும். இரண்டு கறுப்பு முடிக்கும் நோய்ப்பெயர், ஒரு வெள்ளை முடிக்குச் சுகப்பெயர் என்று பார்த்த நொடியில், எழுதப்படாத வாக்கியத்தை வாசகரே முடித்துக்கொள்கிறார். விளம்பரக்காரர்கள் சம்பளம் வாங்குவதே வாசகரை இப்படி முடிக்கவைக்கத்தான். இந்த ஒரு தடவை மட்டும் “நாங்கள் அப்படி நினைக்கவே இல்லை” என்பது பொருந்தாது.

இப்படி ஒரு படம் எப்படிக் கடைசிவரை தப்பி வருகிறது? பொதுவாக இந்தத் தொழிலில் வேலை துண்டு துண்டாக நடக்கும். பிராண்டின் உலகத் தலைமையகம் வரையறை தரும், உள்நாட்டு அணி அதை இங்கே பொருத்தும், விளம்பர நிறுவனம் படங்களைச் சேர்க்கும், கடைச் சங்கிலியின் இணையப் பிரிவு வந்ததை ஏற்றும். ஷாம்பூப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் வரும்போது ஏற்றுபவர் படத்தின் அளவு சரியா, விலை சரியா என்றுதான் பார்ப்பார். ஏற்றுபவர் பார்த்துக்கொள்வார் என்று அனுப்பியவரும், அனுப்பியவர் பார்த்திருப்பார் என்று ஏற்றியவரும் இருந்துவிட்டால், யாருமே பார்க்காத படம் பல லட்சம் பேர் பார்க்கும் படமாகிறது. ‘சப்ளையர் தந்தது’ என்பது உள்கணக்குக்கு உதவும். வாங்குகிறவருக்குப் பக்கத்தின் தலையில் இருக்கும் பெயர்தான் கடைக்காரர்.

தவறுகள் ஒரே இனம் அல்ல

அழகுசாதன விளம்பரச் சர்ச்சைகளை எல்லாம் ‘மனம் புண்பட்டது’ என்ற ஒரே கூடையில் போடுவதால்தான் குழப்பம். குறைந்தது மூன்று வகைகளைப் பிரிக்கலாம்.

1. பிறர் துயரத்தை அலங்காரமாக்குவது. 2010இல் மேக் நிறுவனம், ரோடார்ட்டே என்ற ஆடை வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து ஓர் ஒப்பனைத் தொகுப்பை அறிவித்தது. மெக்சிகோ எல்லைப் பகுதியும், அங்கே அரைத்தூக்கத்தில் இரவு வேலைக்குப் போகும் தொழிற்சாலைப் பெண்களும் அதற்கு உந்துதல் என்றார்கள். நகப்பூச்சுக்கு ‘ஹுவாரெஸ்’, ‘ஃபேக்டரி’ என்று பெயர், உதட்டுச்சாயத்துக்கு ‘கோஸ்ட் டவுன்’ என்று பெயர். சியுதாத் ஹுவாரெஸ், 1993 முதல் நூற்றுக்கணக்கான பெண்கள் கொல்லப்பட்ட நகரம். அவர்களில் பலர் அதே தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். வெளிறிய முகங்களோடு வந்த விளம்பரப் படங்களைப் பார்த்தவர்களுக்குப் பிணங்கள் நினைவுக்கு வந்தன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, பெயர்களை மாற்றுவதாகச் சொன்னது, லாபத்தை அந்நகரப் பெண்களுக்குத் தருவதாகச் சொன்னது, கடைசியில் தொகுப்பையே வெளியிடாமல் விட்டது. இங்கே எந்தச் சொல்லும் யாரையும் தாழ்த்தவில்லை. செத்தவர்களின் ஊரை நகத்தில் பூசிக்கொள்ள விற்றதுதான் தவறு. பெண்கொலை அன்றாடச் செய்தியாகிவிட்ட தென்னாப்பிரிக்காவில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

2. மாறுவதாகக் காட்டுவது. 2017 அக்டோபரில் டவ் ஃபேஸ்புக்கில் போட்ட சில நொடிக் காட்சியில், கறுப்பினப் பெண் பழுப்புச் சட்டையைக் கழற்ற, உள்ளிருந்து வெள்ளைப் பெண் தோன்றுவார். அவரும் சட்டையைக் கழற்ற மூன்றாவதாக ஒரு பெண் வருவார், ஆனால் அதற்குள் முதல் மாற்றத்தை மட்டும் வெட்டிய படங்கள் உலகைச் சுற்றிவிட்டன. தன்னைப் பாவப்பட்டவளாகப் பார்க்க வேண்டாம் என்று அதில் நடித்த கறுப்பினப் பெண்ணே பிறகு எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் சோப்பு விளம்பரத்தில் கறுப்பைக் கழுவி வெளுப்பாக்கும் படம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் பழைய படம். அதே ஆண்டு நிவியா ‘வெண்மையே தூய்மை’ என்ற பொருளில் ஒரு வாசகம் போட்டுப் பின்வாங்கியது.

3. அளவுகோல் வைப்பது. கிளிக்ஸ் விவகாரம் இந்த வகை. இதில் துயரமும் இல்லை, மாற்றமும் இல்லை. யாரோ ஒருவரை நடுவில் நிறுத்தி, மற்றவர்கள் அவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று அளப்பது மட்டுமே உண்டு. பார்க்க மூன்றிலும் சாதுவானது இது. தென்னாப்பிரிக்காவில் ஆழமாக வெட்டுவதும் இதுதான்.

முடியை அளந்த அரசு

ஏனென்றால் இந்த நாட்டில் முடியை அரசே அளந்தது. 1950இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனப்பெட்டியில் அடைத்தது. யார் எந்தப் பெட்டி என்று சந்தேகம் வந்தபோது அதிகாரிகள் கையாண்ட உத்திகளில் ஒன்று பென்சில் சோதனை. தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகுவார்கள். அது நழுவி விழுந்தால் ஒரு இனம், சிக்கி நின்றால் வேறு இனம். எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் சேரலாம், யாரை மணக்கலாம் என்பது அந்தப் பென்சிலைத் தொற்றிக்கொண்டு வந்தது. ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் வேறுவேறு இனமாகப் பதிவானதும் உண்டு. அந்தச் சட்டம் 1991இல்தான் ஒழிந்தது.

சட்டம் போனபின்னும் பழக்கம் தங்கியது. 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் கறுப்பின மாணவிகள், தங்கள் இயற்கை முடி ‘ஒழுங்காக இல்லை’ என்று ஆசிரியர்கள் கண்டித்ததை எதிர்த்துப் போராடினார்கள். அங்கும் ‘ஒழுங்கு’ என்றால் என்ன என்ற கேள்விதான். நேர்முடியை மனத்தில் வைத்து எழுதிய விதி, பார்க்க எல்லோருக்கும் பொதுவாகவே தெரியும்.

தோலின் கதை முடியின் கதையோடு பின்னியது. 1976இல் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன கறுப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிகோ, கறுப்புப் பெண்கள் முகம் வெளுக்கக் கிரீம் பூசுவதையும் முடியை நீட்டுவதையும் தன்னையே குறையாகப் பார்க்கும் மனநிலையின் அடையாளமாக விளக்கினார். ‘கறுப்பே அழகு’ என்ற முழக்கம் அந்த மனநிலைக்கு மறுப்பு என்றார். அந்தக் கிரீம்கள் மனத்தை மட்டும் கெடுக்கவில்லை. முதலில் பாதரசம், பிறகு ஹைட்ரோகுவினோன். ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசியவர்களின் கன்னத்தில் நீலக்கறுப்புத் திட்டுகள் படிந்தன. ஒக்ரோனோசிஸ் என்று மருத்துவர்கள் பெயர் வைத்த அந்தத் திட்டு எளிதில் போகாது. வெளுக்கப் பூசியது நிரந்தரமாகக் கறுக்கவைத்தது. 1990இல் வந்த விதிமுறை அழகுசாதனங்களில் ஹைட்ரோகுவினோனைத் தடைசெய்தது. அதோடு நிற்காமல், ‘வெளுக்கும்’, ‘நிறம் குறைக்கும்’ என்று விளம்பரத்தில் சொல்வதையும் தடுத்தது. பொருளோடு சேர்த்துச் சொல்லையும் தடைசெய்வது அன்று உலகுக்கே புதிது. ஷாம்பூ விளம்பரத்தின் ஒற்றைச் சொல்லுக்கு இந்த நாடு கொதித்ததைக் கண்டு வியப்பவர்கள், முப்பதாண்டுக்கு முன்பே இங்கே ஒப்பனைச் சொற்கள் சட்டத்தின் விஷயமாகிவிட்டன என்பதை மறக்கிறார்கள்.

டர்பனின் மூக்குத்தி

இனி இரண்டாம் கேள்வி. நமக்கு இதில் என்ன வேலை?

2004இல் டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு மாணவி விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு திரும்பினாள். தென்னிந்தியத் தமிழ் இந்துக் குடும்பம். பருவமடைந்த பெண்ணுக்கு மூக்குக் குத்துவது அந்த வீட்டு மரபு. பள்ளியின் நடத்தை விதிப்படி காதில் சிறு கம்மல் போடலாம், வேறு எந்த நகையும் கூடாது. புண் ஆறும்வரை அனுமதித்த பள்ளி, ஆறியதும் கழற்றச் சொன்னது. தாய் மறுத்தார். சமத்துவ நீதிமன்றத்தில் அவர் தோற்றார், மேல்முறையீட்டில் வென்றார். 2007 அக்டோபர் 5 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இன்று சட்டக் கல்லூரிகளில் ‘பிள்ளை வழக்கு’ என்று படிக்கப்படுவது இதுதான்.

பள்ளியின் வாதம் இப்படி: விதி எல்லோருக்கும் ஒன்றுதான், யாரையும் பெயர் சொல்லி ஒதுக்கவில்லை, மூக்குத்தி மதக் கட்டாயமும் இல்லை. தலைமை நீதிபதி பியஸ் லாங்கா எழுதிய தீர்ப்பு இதை மடக்கிய விதம் கவனிக்கத்தக்கது. காதில் துளையிட்டால் அனுமதி, மூக்கில் துளையிட்டால் தடை. இரண்டும் உடம்பில் துளையிடுவதுதானே? அப்படியிருக்க அந்த விதி நடுநிலையானது அல்ல; பெரும்பான்மையும் பழைய சலுகையும் பெற்ற அலங்காரத்தை இயல்பென்று எடுத்துக்கொண்டு, சிறுபான்மையினரின் அலங்காரத்தை விதிவிலக்காக்குகிறது. கட்டாயமில்லாமல் தானே விரும்பிக் கடைப்பிடிக்கும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றும் நீதிமன்றம் சொன்னது. பள்ளி தன் விதிகளைத் திருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்குள் அந்தப் பெண் பள்ளியை முடித்துவிட்டாள் என்பது வேறு கதை.

‘கம்மல் நார்மல், மூக்குத்தி விதிவிலக்கு.’ ‘நேர்முடி நார்மல், சுருள்முடி கோளாறு.’ வாக்கியத்தின் எலும்பு ஒன்றே. 1860இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களோடு இங்கே இறங்கிய ஒரு துளித் தங்கத்துக்காக நாம் எந்த வாதத்தை நீதிமன்றத்தில் வைத்து வென்றோமோ, அதே வாதத்தைத்தான் 2020இல் கறுப்பினப் பெண்கள் தங்கள் முடிக்காக வைத்தார்கள். நமக்குக் கிடைத்தபோது அது உரிமை, அவர்கள் கேட்டால் அமர்க்களம் என்று சொல்ல முடியாது.

சட்டம் எங்கே நிற்கிறது

இங்கே பலரும் மூன்றை ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

1. தொழிலின் சொந்த விதி. விளம்பர ஒழுங்குமுறை வாரியம், பழைய விளம்பரத் தர ஆணையம் கடனில் மூழ்கிய பின் 2018இல் தொடங்கிய அமைப்பு. பாகுபாடு காட்டும் விளம்பரம் கூடாது என்று அதன் நெறிமுறை சொல்கிறது. வாரியம் அரசு அமைப்பு அல்ல, அதன் பிடி உறுப்பினர்கள் மீதுதான். உறுப்பினரல்லாத நிறுவனத்தின் விளம்பரத்தைப் பற்றியும் தன் உறுப்பினர்களுக்கு வழிகாட்ட அது முடிவெடுக்கலாம் என்று 2022இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்த வழக்கும் ஒரு சோப்பு உறையைப் பற்றியதுதான்.

2. பாகுபாடு. 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் நியாயமற்ற பாகுபாட்டைத் தடுக்கிறது. பிள்ளை வழக்கு இதன்கீழ் வந்தது. இதில் முக்கியமானது, செய்தவரின் உள்நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. முதல் பார்வையில் பாகுபாடு இருப்பதாகப் புகார்தாரர் காட்டிவிட்டால், அது நியாயமானது என்று நிரூபிக்கும் பாரம் எதிர்த்தரப்பின் தலையில் விழும். வழக்கறிஞர் வைக்காமலே சமத்துவ நீதிமன்றத்தில் புகார் தரலாம். “தெரியாமல் நடந்துவிட்டது” என்பது தண்டனையைக் குறைக்கலாம், தவறை அழிக்காது.

3. வெறுப்புப் பேச்சு. இதற்கு வாசல் குறுகலானது. 2021 ஜூலையில் குவெலானே வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம், ‘புண்படுத்துவது’ என்ற சொல் வெறுப்புப் பேச்சின் வரையறையில் இருப்பது தெளிவற்றது என்று நீக்கச் சொன்னது. மனம் புண்பட்டால் மட்டும் வெறுப்புப் பேச்சு ஆகிவிடாது. தீங்கு விளைவிக்கும், வெறுப்பைப் பரப்பும் தெளிவான நோக்கம் அந்தச் சொற்களில் தெரிவதாக நியாயமாகக் கருத இடம் வேண்டும்.

கிளிக்ஸ் படங்களை வெறுப்புப் பேச்சு என்று கூவியவர்கள் இந்த மூன்றாம் வாசலில் முட்டினார்கள். என் கணிப்பில் அது தவறான வாசல். இரண்டாம் வாசல் அகலமாகத் திறந்திருந்தது. உள்நோக்கம் கேட்காத அந்தச் சட்டத்தில் ‘நார்மல்’ என்ற சொல்லையும் படத் தேர்வையும் வரிக்கு வரி விசாரித்திருக்கலாம். கடைக் கண்ணாடியை உடைத்ததில் பயந்து நடுங்கியது யூனிலீவரின் இயக்குநர் குழு அல்ல. அந்தக் காலைப் பணிக்கு வந்த காசாளர் பெண்களும் மருந்துக்கு வரிசையில் நின்ற முதியவர்களும்.

நிறம் கம்மி

இந்த இடத்தில் தமிழர்கள் தங்கள் மொழியையே கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். பெண் பார்க்கப் போய்வந்தவர் சொல்கிறார்: “பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி.” கறுப்பு என்பது ஒரு நிறம் இல்லையா, அது எப்படிக் கம்மியாகும்? “நல்ல கலர்” என்றால் சிவப்பு, அதாவது வெளுப்பு. ‘நிறம்’ என்ற பொதுச்சொல்லையே ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, மறுபக்கத்தைக் குறைபாடாகக் கணக்கிடும் மொழிவழக்கு இது. ‘நார்மல்’ செய்ததும் இதையேதான்.

“கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்பது பாராட்டு. அந்த ‘ஆலும்’ என்ற விகுதி பாராட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வரி வசூலிக்கிறது. டர்பனில் தமிழ் பேச்சு தேய்ந்து ஆங்கிலத்துக்கு மாறிய வீடுகளில் தேவாரம் போயிற்று, பழமொழி போயிற்று. இந்தத் தராசு மட்டும் மொழிபெயர்ப்பில் சேதமின்றி வந்து சேர்ந்தது.

சட்டம் தடைசெய்த கிரீம்கள் இன்னும் கள்ளத்தனமாக விற்கின்றன. டர்பனில் அரசு மருத்துவமனைகளுக்கு வந்த ஆப்பிரிக்க, இந்திய வம்சாவளிப் பெண்கள் 600 பேரிடம் தோல் மருத்துவர் டுலோவாவும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளுப்புப் பொருள் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். பெண்களைக் குறை சொல்ல இதை எடுத்துக்காட்டவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்வி மாறாதவரை கிரீமுக்கு வாடிக்கையாளர் குறையமாட்டார்.

முடி வியாபாரத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. தென்னாப்பிரிக்காவில் ‘பிரேசில்’, ‘பெரு’ என்ற பெயர்களில் விற்கும் ஒட்டுமுடியில் கணிசமான பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. திருப்பதியில் காணிக்கையாக மழித்த முடியும் இந்த உலக வணிகத்தில்தான் கலக்கிறது. வேண்டுதலுக்கு இறக்கிய முடி கடல் கடந்து, பெயர் மாறி, இன்னொரு பெண்ணின் தலையில் ‘நேராக’ ஏறுகிறது.

பாட்டிலில் மாறியவை

2020 ஜூன் 25 அன்று, அதாவது கிளிக்ஸ் விவகாரத்துக்கு இரண்டு மாதம் முன்பே, யூனிலீவர் தன் சருமப் பொருட்களிலிருந்து வெண்மை, வெளுப்பு குறித்த சொற்களை எடுப்பதாக அறிவித்திருந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த அலை அது. 1975இல் இந்தியாவில் பிறந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ ஜூலையில் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. பெயர் மாறியது, கிரீம் அப்படியே. ஒரு கையால் ‘ஃபேர்’ என்ற சொல்லை அழித்துக்கொண்டிருந்த அதே நிறுவனம் மறுகையால் ‘நார்மல்’ படத்தை அனுப்பியிருக்கிறது. தடைசெய்த சொற்களின் பட்டியல் வைத்துத் தேடினால் ‘நார்மல்’ சிக்காது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

2021 மார்ச்சில் அந்தச் சொல்லும் பட்டியலில் சேர்ந்தது. ஒன்பது நாடுகளில் 10,000 பேரிடம் கேட்டதில், பத்தில் ஏழு பேர் ‘நார்மல்’ என்ற சொல் கெட்ட விளைவை உண்டாக்குவதாகச் சொன்னதாக யூனிலீவர் அறிவித்தது. 200க்கும் மேற்பட்ட பொருட்களிலிருந்து அதை நீக்குவதாகவும் சொன்னது. அந்த ஒன்பதில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. உறைகளைப் புதிதாக அச்சிடும் செலவோடு ஒப்பிட்டால், அந்த நான்கு படங்களையும் ஏற்றுவதற்கு முன் சுருள்முடிப் பெண் ஒருவரிடம் காட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவு ஒரு காப்பிக் காசு.

செப்டம்பர் 10 உடன்பாடு ஒரு பேரம், தீர்ப்பு அல்ல. பத்து நாள் விலக்கலும் பத்தாயிரம் நாப்கினும் எந்தக் கணக்கில் வந்த தொகை என்று அதில் காரணம் எழுதியிருக்கவில்லை. ஒரு கட்சியும் ஒரு நிறுவனமும் மூடிய அறையில் பேசி முடித்தன. அடுத்த நிறுவனம் படித்துப் பார்க்கவோ, அடுத்த புகார்தாரர் மேற்கோள் காட்டவோ அதில் ஒரு வரியும் கிடையாது. இன்னொரு ‘நார்மல்’ நாளை சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே எடுத்து வாசிக்க வேண்டியது டர்பன் பள்ளி மாணவியின் மூக்குத்தி பற்றி லாங்கா எழுதிய பத்திகளைத்தான்.